இறங்குதுறை இடாப்பு

செப்ரெம்பர் 3, திங்கள்

மூன்றாம் தவணை இன்று தொடங்கியது. அதிபர் அப்படிச் சொல்கிறார். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

பாடசாலை மணி ஏழரைக்கு அடிக்க வேண்டும். ஊரித்தீவில் அது படகு வந்த பிறகே அடிக்கிறது. இன்று படகு வந்தது 8.50க்கு. ஆசிரியர்கள் துறையிலிருந்து நடந்து, தேத்தண்ணி குடித்து, வகுப்புக்குள் கால் வைக்க ஒன்பதரை. பன்னிரண்டேகாலுக்குக் கைப்பையோடு திரும்பி நடக்கிறார்கள், 12.45 படகைப் பிடிக்க. நாலு மணிக்கும் ஒரு படகு உண்டு. 2011இல் ஐந்து மனுக் கொடுத்து, பிரதேச செயலகத்து வாங்கிலில் மூன்று நாள் குந்தியிருந்து அதை வாங்கித் தந்தவள் நான். அதில் இப்போது ஆடுகளும் மீன்பெட்டிகளும் போகின்றன.

பதினொரு பிள்ளைகள் டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறார்கள். போன வருடம் ஒன்பது பேர் எழுதிக் கணிதத்தில் ஒருவரும் சித்தியடையவில்லை. கணிதம் இல்லாவிட்டால் மேலே படிப்பில்லை. பிறகு பெடியன்களுக்குக் கடல், பெட்டைகளுக்குக் கருவாடு.

முப்பத்தொன்பது வருடம் இந்தப் பாடசாலையில் படிப்பித்தேன். அதில் பதினான்கு வருடம் அதிபர். ஒரு நாளும் மணி படகுக்காகக் காத்திருந்ததில்லை. நான் இங்கேயே இருந்தேன்.

அதிபர் சிவகடாட்சத்திடம் போய்க் கேட்டேன்.

"ரீச்சர், இது கஷ்டப் பிரதேசம். மூண்டு வருசத்தை முடிச்சிட்டுப் போற ஆக்கள். நான் இறுக்கினா இடமாற்றம் எடுத்துக்கொண்டு போயிடுவினம்."

"கஷ்டம் ஆருக்கு?" என்றேன்.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவரும் 12.45 தான்.

செப்ரெம்பர் 4, செவ்வாய்

தடித்த சி.ஆர். கொப்பி ஒன்றில் வருகை இடாப்புக்குக் கோடு கீறினேன். பெயர், இறங்கிய நேரம், ஏறிய நேரம், ஒப்பம். படகில் வரும் ஆசிரியர்கள் ஒன்பது பேர். கொன்வென்ரில் மதர் எங்களுக்குக் கோடு கீறப் பழக்கியது நேர்கோட்டுக்காக அல்ல. நேராக இருப்பதற்காக.

காலை எட்டரைக்கே குடையோடும் பிளாஸ்ரிக் கதிரையோடும் துறையில் போய் இருந்தேன். படகில் ரிக்கற் கிழிக்கும் இன்னாசி என்னைக் கண்டதும் நாக்கைக் கடித்தான். அவனுக்கு ஏழாம் வாய்ப்பாட்டை அடித்துப் படிப்பித்தவள் நான்.

"என்ன ரீச்சர், கதிரையோட? கடலைப் பாக்க வந்தனீங்களோ?"

"கடலைப் பாத்துச் சலிச்சுப் போச்சு. ஆக்களைப் பாக்க வந்தனான்."

எட்டுப் பேர் இறங்கினார்கள். எல்லாருக்கும் முன்னால் ஆங்கிலம் படிப்பிக்கும் யோகராசா. கறுப்புக் கண்ணாடி.

"இதென்ன அம்மா, நிவாரணப் பதிவோ?"

"ரீச்சர் எண்டு சொல்லும். உமக்கு நான் அம்மா இல்லை. கையெழுத்து வையும்."

"உங்களுக்கு என்ன அதிகாரம்?"

"எழுபத்தேழு வயது. அதுதான் அதிகாரம்."

வைத்தார். பின்னால் நின்றவர்களும் வைத்தார்கள். வைக்காதவர்களுக்கு நான் சிவப்பில் கோடு போட்டேன். மத்தியானம் ஏறும்போது எல்லாரும் கீழே பார்த்துக்கொண்டு ஏறினார்கள். நல்லது.

செப்ரெம்பர் 6, வியாழன்

முழங்கால் வீக்கம். சமைக்கவில்லை. பாணும் பழைய சம்பலும். துறைக்குப் போனேன்.

செப்ரெம்பர் 14, வெள்ளி

ஒன்பது பாடசாலை நாட்கள் முடிந்தன. கூட்டிப் பார்த்தேன்.

யோகராசா ஏழு நாள் வந்தார். ஒரு நாளும் ஒரு மணி தாண்டவில்லை. மற்றவர்களும் அப்படியே. ஆனால் எல்லாரிலும் மோசம், ஜூனில் வந்த கணித ஆசிரியை, செல்வி துவாரகா. இருபத்தாறு வயது, வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை, முதல் நியமனம். முதல் திங்கட்கிழமை நான் கொப்பியோடு இருக்கவில்லை. அந்தக் கிழமை வெள்ளி மத்தியானம் மட்டும் வந்து ஏறினாள். இந்தத் திங்கள் காலை இரண்டு பையோடு இறங்கி, "வணக்கம் ரீச்சர்" என்று மணியாகக் கையெழுத்து வைத்தாள். செவ்வாய் இல்லை, புதன் இல்லை, வியாழன் இல்லை. இன்று வெள்ளி, பன்னிரண்டரைக்கு அதே இரண்டு பையோடு வந்து ஏறினாள். கிழமையில் ஒரு நாள் வருவது, ஒரு நாள் போவது. முழுச் சம்பளம்.

பதினொரு பிள்ளைகளின் தலையெழுத்து இவளிடம்.

இன்னாசியைக் கேட்டேன். "அந்தக் கணக்குப் பிள்ளை கிழமையில மூண்டு நாள் எங்கை போறது?"

அவன் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, "அவ... அவ போறேல்லை ரீச்சர். நிக்கிறா" என்றான்.

"எங்கை நிக்கிறா?"

"அங்கால." கையால் தெற்குப் பக்கமாகவோ கடல் பக்கமாகவோ எதையோ காட்டிவிட்டு இயந்திரத்தைப் போட்டான். அவனுக்கு இளம் பெண்கள் சிரித்தால் போதும். பொய்யும் சொல்வான்.

செப்ரெம்பர் 23, ஞாயிறு

இரண்டாம் பூசைக்குப் போனேன். தெற்கு ஆட்கள் முதற்பூசைக்குப் போவார்கள். ஐந்து வருடமாக அப்படித்தான், எல்லாருக்கும் வசதி.

பூசை முடிந்து மாதர் சங்கக் கூட்டம். தலைவி என்ற முறையில் இடாப்பைப் பற்றிச் சொன்னேன். கணித ஆசிரியையின் பெயரைச் சொன்னதும் பெண்கள் சீலைத் தலைப்பைச் சரிசெய்தார்கள். ஒருத்தி இருமினாள். "ஒருத்தருக்கும் சொல்ல ஒண்டும் இல்லையோ?" என்றேன். இல்லையாம். இருபத்திரண்டு வருடம் இவர்களுக்குத் தலைவியாக இருந்து நான் வளர்த்தது இந்த ஊமைக் கூட்டத்தைத்தான்.

திரும்பும் வழியில் பாடசாலை அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். பதினோராம் ஆண்டுக்குக் கணித முன்னோடிப் பரீட்சை. பதினொரு பேரில் எட்டுப் பேர் நாற்பதுக்கு மேல். ஆசிரியை இல்லாமலே! அத்திவாரம் அப்படி. இவர்களின் தாய் தகப்பனுக்குப் படிப்பித்தது யார்? முதலாவதாக வந்த பெயரை இரண்டு முறை வாசித்தேன். 74. என் கண்ணாடியை மாற்ற வேண்டும்.

ஒக்ரோபர் 5, வெள்ளி

ஒரு மாத இடாப்பைப் பிரதி எடுத்து வலயக் கல்விப் பணிமனைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று பக்கக் கடிதம். கடைசி வரி: "இந்த இடாப்பின் ஒவ்வொரு பதிவுக்கும் நான் பொறுப்பு." தொண்ணூற்றொன்றில் இடம்பெயர்ந்தபோது நகைப்பெட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் பாடசாலை இடாப்புகளைத் தலையில் வைத்துக்கொண்டு வள்ளம் ஏறியவள் நான். முகாமில் பூவரச மரத்துக்குக் கீழே அதே இடாப்பில் அடுத்த நாள் பெயர் கூப்பிட்டேன். எனக்கு இடாப்பு எழுதத் தெரியும்.

ஒக்ரோபர் 16, செவ்வாய்

பணிமனையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். காலைப் படகில் வந்து 12.45க்குப் போனார்கள், அதையும் குறித்துக்கொண்டேன்.

அதிபரின் அறையில் விசாரணை. என்னையும் கூப்பிட்டார்கள். யோகராசாவுக்கு மருத்துவச் சான்றிதழ் இருந்தது. இன்னொருவருக்காக ஆசிரியர் சங்கத் தலைவர் தொலைபேசியில் பேசினார். எல்லாரிடமும் ஏதோ ஒரு கடதாசி இருந்தது. துவாரகாவிடம் மட்டும் ஒன்றும் இல்லை.

அதிகாரி கேட்டார்: "செவ்வாய், புதன், வியாழன் நீங்கள் எங்கை?"

"பள்ளிக்கூடத்தில சேர். நான் ஊருக்குப் போறேல்லை. இஞ்ச தெற்கில ஒரு வீட்டில தங்குறன். பின்னேரத்தில அங்கேயே பிள்ளையளுக்கு வகுப்பு வைக்கிறன்."

"ஆற்ற வீடு?"

அவள் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அதிபரைப் பார்த்தாள். அதிபர் மேசையில் கிடந்த பேனை மூடியைப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் பேர் என்ன? தங்குமிடக் கடிதம் இருக்கோ?"

"கடிதம்... இன்னும் எடுக்கேல்லை சேர்."

பேர் சொல்ல முடியாத வீடு! பொய் சொல்பவர்களின் முகத்தை எனக்கு முப்பத்தொன்பது வருடமாகத் தெரியும். அதை வாய்விட்டே சொன்னேன். அவளுடைய கண் கலங்கியது. கலங்கட்டும் என்று இருந்தேன்.

நியமனம் உறுதியாகாதவள் என்பதால் அவளை உடனடியாகப் பணிமனையோடு இணைத்திருக்கிறார்கள். கோப்பு அடுக்க. மற்ற எட்டுப் பேருக்கும் ஓர் அறிவுறுத்தல் கடிதம். ஒருத்தியாவது போனாள். புதுக் கணித ஆசிரியர் எப்போது என்று கேட்டேன். ஜனவரியில் பார்க்கலாமாம். பரீட்சை டிசம்பர் மூன்று.

ஒக்ரோபர் 17, புதன்

காலையில் துறைக்குப் போனேன். என் கதிரை வைக்கும் இடத்தில் மீன்பெட்டி அடுக்கியிருந்தது. எடுக்கச் சொன்னேன். எடுக்கிறவர்கள் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. படகு வந்து, ஆசிரியர்கள் இறங்கி, யோகராசா நீளமாக ஒரு கையெழுத்து வைத்து, "நல்லாச் செய்தீங்கள் ரீச்சர்" என்றார். அவருக்கு ஏன் சந்தோசம்?

இன்னாசி படகை விட்டு இறங்கி என் முன்னால் வந்து நின்றான்.

"ரீச்சர், எனக்கு நீங்கள் அடிச்ச அடி ஒண்டும் நோகேல்லை. இது நோகுது."

"என்ன விசர்க் கதை?"

"அந்தப் பிள்ளை பொய் சொல்லேல்லை. திங்கள் வந்தா வெள்ளி மட்டும் இஞ்சதான். காலமை ஆறு மணிக்கு ஒரு வகுப்பு, பள்ளிக்கூடம், பிறகு ரெண்டு மணியில இருந்து பொழுதுபடுமட்டும் இன்னொரு வகுப்பு. என்ர மகன் பதினெட்டு எடுத்தவன் இப்ப நாப்பத்தாறு. சம்பளத்துக்கோ செய்தவ? ஒரு சதம் வாங்கேல்லை."

"எந்த வீட்டில?"

அவன் கையிலிருந்த ரிக்கற் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எந்த வீடெடா?"

"உங்கட மருமோள் வீட்டில ரீச்சர். ஜெசிந்தா அக்கா வீட்டில."

துறையில் நின்ற எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை செய்யத் தொடங்கினார்கள்.

"ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள். மாதர் சங்கக் கூட்டத்தில, எல்லாருக்கும் முன்னால. உங்கட காது கேக்க அந்த வீட்டுப் பேரை ஒருத்தரும் எடுக்கக் கூடாதெண்டு. அஞ்சு வருசமா ஊர் அதைக் காப்பாத்துது. அந்தப் பிள்ளைக்கும் ஜெசிந்தாக்கா அதைத்தான் சொல்லி வைச்சவ, மாமிக்கு முன்னால என்ர பேரை எடுத்திடாதை எண்டு. வந்த அதிகாரியளுக்குத் தான் பிறகு தனிய விளங்கப்படுத்துறன் எண்டு பிரின்சிபல் சொன்னவராம். பிறகு படகுக்கு நேரமாயிட்டுது."

நான் கொப்பியை மூடினேன். கதிரையை அவன் கொண்டுவந்து வீட்டில் வைத்தான். நான் வைக்கச் சொல்லவில்லை.

ஒக்ரோபர் 18, வியாழன்

எல்லாருமாகச் சேர்ந்து என்னை முட்டாளாக்கினார்கள். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் கூட்டத்தில் இருமினாளே, அந்த இருமலை வார்த்தையாக்க அவளுக்கு என்ன கேடு? அதிபருக்கு நாக்கு இல்லையா? நான் கடித்தா தின்றுவிடுவேன்?

அப்படி நான் சொன்னது உண்மை. கூட்டக் குறிப்பிலும் எழுதியிருக்கிறேன், 2013 செப்ரெம்பர். தேடி எடுத்து வாசித்தேன். என் கையெழுத்துத்தான். அழகாக இருக்கிறது.

செல்வின் கடலில் போய் அப்போது மூன்று வருடம். என் மகனுக்கு மூன்று வருடம் காணும், மறுமணம் செய்யலாம் என்று அவளுக்குப் பட்டது. எனக்குப் படவில்லை. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஒக்ரோபர் 22, திங்கள்

காலை ஆறரைப் படகில் பட்டணம் போய் வலயப் பணிமனையில் பத்து மணியிலிருந்து ஒன்றரை வரை இருந்தேன். உள்ளே ஒரு மூலையில் துவாரகா கோப்புக்குள் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. எழுந்து நிற்கவேண்டியவள் அவள் இல்லை.

பணிப்பாளர் இளம் ஆள். என் கடிதத்தை மேசையில் விரித்தார்.

"‘ஒவ்வொரு பதிவுக்கும் நான் பொறுப்பு’ எண்டு எழுதியிருக்கிறீங்கள்."

"செல்வி துவாரகாவைப் பற்றிய பதிவு பிழை. அவ தீவிலேயே நிண்டிருக்கிறா. படகால இறங்கிறவையை மட்டும்தான் நான் குறிச்சனான்."

"அப்ப இடாப்பு பிழை."

"ஒரு பெயர் பிழை. மற்ற எட்டும் சரி."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, களைத்த சிரிப்பு. "அம்மா, ஒரு பெயர் பிழையான இடாப்பை வைச்சு மற்ற ஆக்களுக்குக் குடுத்த கடிதத்தில நான் நிண்டா நாளைக்கு ஆசிரியர் சங்கம் என்ர வாசலில நிக்கும். உங்களுக்கு அந்தப் பிள்ளை திரும்ப வேணுமெண்டா ரெண்டு கடதாசி தாங்கோ. ஒண்டு, இந்த இடாப்பு நம்பத்தகுந்ததில்லை, நான் வாபஸ் வாங்குறன் எண்டு உங்கட கையால. மற்றது, வீட்டுக்காரரின்ர தங்குமிடக் கடிதம், ஊரில மதிப்பான ஒருவரின்ர உறுதிப்படுத்தலோட."

"அப்ப யோகராசா?"

"அவருக்குக் குடுத்த கடிதத்தைத் திரும்ப எடுக்க வேண்டி வரும்."

நாலு மணிப் படகு தீவுக்கு வரும் நடையில் திரும்பினேன். ஆடுகளோடு. வழி முழுக்கக் கணக்குப் பார்த்தேன். எட்டுப் பேரைப் பிடித்து வைத்திருக்கிறேன். விட்டால் இனி ஒருவரும் பிடிக்கமாட்டார்கள். என் வாயால் என் இடாப்பு பொய் என்று சொல்லவேண்டும். மறுபக்கம் பதினொரு பேர், நாற்பத்திரண்டு நாள். கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. அதுதான் ஆத்திரம்.

ஒக்ரோபர் 24, புதன்

தெற்கு வீட்டுக்குப் போனேன். ஒன்றேகால் மைல். ஐந்து வருடத்தில் அந்தப் பாதையில் புதிதாக ஒரு கிணறு கட்டியிருக்கிறார்கள்; திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை.

வீட்டுக்காரன் அருள்நேசன், கடலில் குளித்துக் கடலட்டை எடுக்கிறவன், முற்றத்தில் நின்றான். என்னைக் கண்டு சேட்டு ஒன்றைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினான். விறாந்தையில் கரும்பலகை ஒன்று சாத்தியிருந்தது. அதில் பாதியில் விட்ட ஒரு கணக்கு. ஒருவரும் அழிக்கவில்லை. வரிசையாகச் சாக்குகள் விரித்திருந்தன. எண்ணினேன். பதினொன்று.

ஜெசிந்தா வந்து கதவு நிலையில் நின்றாள். மெலிந்திருக்கிறாள். இரு என்று சொல்லவில்லை.

"தங்குமிடக் கடிதம் ஒண்டு வேணும்" என்றேன். "அந்தப் பிள்ளை இஞ்ச தங்கினது எண்டு. நீர் எழுதித் தந்தால் நான் கீழ உறுதிப்படுத்துவன்."

"அண்டைக்கு அவள் அழுதுகொண்டு பெட்டி கட்டினவள் மாமி. பொய்க்காரி எண்டு சொன்னீங்களாம்."

"சொன்னனான்."

"அவளைச் சொன்னீங்களோ, என்னைச் சொன்னீங்களோ?"

அவள் உள்ளே போய்க் கடதாசியும் பேனையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"எனக்கு வடிவா எழுத வராது. நீங்கள் எழுதுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்."

அவளுக்கு எழுத வரும். நான் படிப்பித்தவள். ஆனாலும் சாக்கில் குந்தி எழுதினேன். முழங்கால் முறிந்ததுபோல இருந்தது. எழுதி நீட்டினேன். அவள் நின்றபடியே வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"திருமதி ஜெசிந்தா செல்வின். இது ஆர் மாமி?"

கை தன்பாட்டில் எழுதிவிட்டது. கோயில் பட்டியலிலும் சங்கப் பட்டியலிலும் நிவாரண அட்டையிலும் இத்தனை வருடமாக நான் அப்படித்தான் எழுதி வருகிறேன். அவளும் அப்படியே கையெழுத்து வைத்து அரிசி வாங்கியிருக்கிறாள்.

"இது கவுண்மேந்துக் கடிதம்" என்றாள். "அடையாள அட்டையில இருக்கிற பேர் இல்லாட்டி திருப்பி அனுப்புவினம். பிறகு பிள்ளையளுக்கு ரீச்சர் இல்லை. அவ்வளவுதான்."

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

உள்ளே கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளை நின்றது. பதினாறு வயது. செல்வினின் நெற்றி. கையில் கணிதக் கொப்பி. வெளியே வரவில்லை.

கடதாசியைக் கிழித்தேன். இன்னொன்று எடுத்தேன். ‘திருமதி ஜெசிந்தா அருள்நேசன் ஆகிய நான்’ என்று தொடங்கி எழுதினேன். அவள் கையெழுத்து வைத்தாள். கீழே நான் வைத்தேன். இரண்டு பெயரும் ஒரு கடதாசியில்.

"போட்டு வாறன்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

ஒக்ரோபர் 25, வியாழன்

மற்றக் கடிதமும் எழுதினேன். "எனது இடாப்பு நம்பத்தகுந்ததல்ல." ஐந்து முறை எழுதிக் கிழித்து, ஆறாவதை இன்னாசியிடம் கொடுத்தனுப்பினேன். அவன் வாசிக்கக் கூடாது என்று உறையை ஒட்டினேன்.

நவம்பர் 5, திங்கள்

துவாரகா இரண்டு பையோடு இறங்கினாள். பதின்மூன்று பாடசாலை நாள் போய்விட்டது.

நான் துறையில் நின்றேன், கதிரை இல்லாமல். எல்லாருக்கும் கேட்கவேண்டும் என்றுதான் படகு கட்டும் வரை பொறுத்திருந்தேன்.

"பிள்ளை, நான் உம்மைப் பொய்க்காரி எண்டனான். பிழை என்னில. மன்னிச்சுக்கொள்ளும்."

"ஐயோ ரீச்சர், பரவாயில்லை..."

"பரவாயில்லை எண்டு சொல்லாதையும். பரவாயிருக்கு. இன்னும் இருபத்தெட்டு நாள்தான் இருக்கு. கேத்திரகணிதம் எவ்வளவு மிச்சம்?"

"பாதி."

"நீர் அதைப் பாரும். வட்டியும் நூற்றுவீதமும் நான் பாப்பன்."

யோகராசா கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிச் சிரித்தார். "அப்ப கையெழுத்து இல்லையோ ரீச்சர்?" மத்தியானம் அவர் பன்னிரண்டேகாலுக்கே துறைக்கு வந்துவிட்டாராம். இன்னும் இரண்டு பேர் இன்று வரவே இல்லை. எனக்குத் தெரியும், எழுதி வைக்க உரிமை இல்லை. என் நெஞ்சு எரிகிறது. எரியட்டும்.

இரண்டு மணிக்குத் தெற்கு வீட்டுக்குப் போனேன். பதினொரு பேரும் இருந்தார்கள். ஐந்து பேருக்குக் கூட்டுவட்டி அடிப்படையே விளங்கவில்லை. இரண்டு பேர் கொப்பியில் ஓரம் விடாமல் எழுதுகிறார்கள். முன்வரிசையில் இருந்தவள் கணக்கைச் சரியாகச் செய்துவிட்டு விடையின் கீழே கோடு போடவில்லை; சொன்னேன். "ஓம் அப்பம்மா" என்றாள், தலையை நிமிர்த்தாமல். வகுப்பில் ரீச்சர் என்று கூப்பிடவேண்டும். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

நாலரைக்கு ஜெசிந்தா தேத்தண்ணி கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் வைத்தாள். சீனி கூடிப்போச்சு. நாளைக்குச் சொல்லவேண்டும்.